வடக்கு வாசல் என்றே சொன்ன பக்கங்கள்

இதைப் படிக்கிறவரே, உங்களை நடுவராக இருக்கச் சொல்லி நான் அழைக்கவில்லை. பட்டிமன்ற நடுவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். எந்த இடத்தில் அவர்கள் முகத்தில் சிரிப்பு தொடங்கும், எந்த இடத்தில் பேனா நிற்கும் என்று பார்த்துப் பார்த்தே கல்லூரியின் மூன்று ஆண்டுகளைக் கழித்தவன் நான். நடுவரைப் பேசி வெல்லலாம். சாட்சியிடம் அது நடக்காது; அவர் பார்த்தது பார்த்ததுதான். ஆகவே சாட்சியாக நில்லுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ஒரே ஒரு வரி. ஒரு கணினி நிரலில் நான் எழுதாமல் விட்ட வரி. அதனால் ஒரு பெண்ணின் வேலை போகவிருந்தது. போகும்படி பேசி முடித்ததும் நான்தான்.

ராயபுரத்தில், கல்மண்டபத்தை ஒட்டிய தெருவொன்றில், இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். எட்டுப் பேர். எண்ணூர்ப் பக்கத்துக் கிடங்குகளுக்கு மென்பொருள் செய்து கொடுப்போம். அங்கே வேலை செய்கிறவர்களுக்கான கையேடுகளையும் எழுதிக் கொடுப்போம். கையேடுகள் என் பொறுப்பு.

கையேடு உருவாகும் முறையைச் சொல்லிவிடுகிறேன். சாட்சிக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பக்கங்களைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக எழுதி வைப்போம். ஓர் ஆவணக் கருவி அவற்றைப் படித்து, அச்சுக்கு ஏற்ற பக்கங்களாக ஆக்கித் தரும். ஒரே பத்தி பல பக்கங்களில் வர வேண்டியிருந்தால், அதைத் தனியாக ஒரு கோப்பில் வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் ‘அந்தக் கோப்பை இங்கே சேர்’ என்று ஒரு கட்டளை மட்டும் எழுதினால் போதும். கோப்பை ஓரிடத்தில் திருத்தினால் எல்லாப் பக்கமும் திருந்தும். ஆனால் கருவி ஒவ்வொரு முறையும் எல்லாப் பக்கங்களையும் மறுபடி ஆக்காது. நேரம் மிச்சமாகட்டும் என்று, மாறிய பக்கங்களை மட்டுமே ஆக்கும். எந்தப் பக்கம் எந்தக் கோப்பைச் சேர்த்துக்கொண்டது என்று ஒரு பட்டியல் அதனிடம் உண்டு. கோப்பு மாறினால், பட்டியலைப் பார்த்து, அதைச் சேர்த்த பக்கங்களை எல்லாம் தேடி எடுத்துத் திரும்ப ஆக்கும்.

கருவியோடு வரும் சேர்ப்புக் கட்டளை எனக்குப் போதவில்லை. கிடங்கில் தமிழ் படிப்பவர்களும் இந்தி படிப்பவர்களும் இருந்தார்கள். ஒரே கோப்பில் இரண்டு மொழியையும் வைத்து, பக்கத்துக்கு ஏற்ற மொழியை மட்டும் எடுத்துச் சிவப்புக் கட்டத்துக்குள் போட வேண்டும். அதற்காக நானே ஒரு கட்டளை எழுதினேன். அது கோப்பைத் திறந்தது, படித்தது, கட்டம் கட்டிப் பக்கத்தில் வைத்தது. ‘நான் இந்தக் கோப்பைச் சேர்த்திருக்கிறேன்’ என்று கருவியிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைத்தான் நான் எழுதவில்லை. பட்டியலில் பதியாத கோப்பு எத்தனை முறை மாறினாலும் கருவிக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. சோதித்தபோதெல்லாம் கோப்போடு சேர்த்துப் பக்கத்திலும் ஏதாவது கை வைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே பக்கம் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக மாறி வந்தது.

அந்தக் கட்டளையை அலுவலகத்தில் அறிமுகம் செய்த நாளில் கால் மணி நேரம் பேசினேன். என் அடுத்த மேசைக்காரரான அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, ஃபைலை மட்டும் மாத்துறேன், பக்கத்தைத் தொடல. பக்கம் தானா மாறிக்குமா?”

சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் எதிரணியில் இருந்து கேள்வி எழுந்தால் அரை நொடிக்குள் பதில் போக வேண்டும் என்று பழகிய நாக்கு இது. “அக்கா, விதையை மாற்றிவிட்டுப் பழம் மாறுமா என்று கேட்கிறீர்களே” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மேலாளர் மேசையைத் தட்டினார். அக்காவும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசிமேட்டுக்காரர். மீன் ஏலம் போடும் இடத்துக்குப் பின்னால் வீடு. எங்களிடம் வருவதற்கு முன் வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் ஏழு வருடம் புடவை விரித்துக் காட்டியவர். காலை பத்து மணியிலிருந்து இரவு ஒன்பது வரை நின்றுகொண்டே இருக்க வேண்டிய வேலை. வார விடுமுறை நாளில் கணினி வகுப்புக்குப் போய், முப்பது வயதுக்கு மேல் எங்களிடம் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்தார். முதல் நாள் அவர் கேட்டது, “இந்த நாற்காலி எனுக்கேவா, இல்ல வேற யாருக்கும் ஷேரிங்கா?” ஆண்டுக்கு ஒருமுறை அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். அந்த மாதம் புதுப்பிக்க வேண்டிய மாதம்.

எண்ணூரில் ரசாயனத் தொட்டிகள் இருக்கும் ஒரு கிடங்குக்கு நாங்கள் கையேடு செய்து வந்தோம். வாயு கசிந்து சங்கு ஊதினால் எல்லாரும் எங்கே போய்க் கூட வேண்டும் என்பது ஒரு சிறு கோப்பு. இருபத்திரண்டு பக்கங்கள் அதைச் சேர்த்துக்கொண்டிருந்தன. முன்பு கூடுமிடம் வடக்கு வாசல். அங்கே குழாய் பதிக்கும் வேலை தொடங்கியதால் தகரம் அடித்து அடைத்துவிட்டார்கள். இனி மேற்கு வாசல், எடைமேடைக்கு எதிரே என்று கடிதம் வந்தது. கோப்பை மாற்றும் வேலை அக்காவுக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை மாற்றினார். பக்கங்கள் அச்சுக்குப் போயின, கிடங்கின் சுவர்களில் ஒட்டப்பட்டன. அடுத்த திங்கட்கிழமை அங்கே ஒத்திகை.

என் பக்கங்கள் வேலை செய்வதை நேரில் பார்க்கும் ஆசையில் நானும் போயிருந்தேன். சங்கு ஊதியது. சுவரில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு, புதிதாக ஒட்டியதாயிற்றே என்று நம்பிப் பகல் ஷிப்டுக்காரர்கள் ஓடினார்கள். நானும் ஓடினேன். ஓடிச் சேர்ந்த இடம் வடக்கு வாசல். எதிரே தகரம். வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் தொட்டியின் கட்டுக்கரை. முதலில் வந்தவர்கள் திரும்ப நினைப்பதற்குள் பின்னால் ஆட்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். யாருடைய தலைக்கவசமோ என் முதுகெலும்பில் அழுந்தியது. என் கன்னம் தகரத்தில் இருந்தது; வெயிலில் அது சுட்டது. “பின்னாடி போங்கப்பா, பின்னாடி” என்று கிடங்கின் மேஸ்திரி சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னாடி யாரும் போகவில்லை. ஒரு வடநாட்டுத் தொழிலாளி “பந்த், பந்த்”, அடைத்திருக்கிறது என்று இந்தியில் சொல்லித் தகரத்தைத் தட்டினார். இரண்டு நிமிடம் இருக்கும். ஒத்திகைதான், காற்றில் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு நிமிடம் நான் மூச்சை அளந்துதான் விட்டேன்.

மேஸ்திரி தாளைக் கிழித்துக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். “இங்கன்னுதான போட்டுகீது. படி, நீயே படி.” படித்தேன். வடக்கு வாசல்.

அன்று மாலை அலுவலகத்தில் மேலாளர் பதறிப்போய், பழைய பக்கங்களை அடியோடு அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஆக்கச் சொன்னார். ஆக்கினோம். இருபத்திரண்டிலும் மேற்கு வாசல் என்று வந்தது. ஆக்குவதற்குச் சற்று முன் அக்கா, தான் செய்தது சரியா என்று பார்க்க அந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார். பார்த்துவிட்டு, பழக்கத்தில் சேமித்தும் விட்டார். அது நாங்கள் எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் பொது இயக்ககத்தில் இருந்த கோப்பு. பழைய வடிவங்கள் எதையும் வைத்துக்கொள்ளாது. கடைசியாக மாறிய நேரம் மட்டுமே இருக்கும். அந்த நேரம் இப்போது திங்கட்கிழமை மாலை, ஒத்திகைக்குப் பின்.

புதன்கிழமை விசாரணைக் கூட்டம். அக்கா சொன்னது இரண்டே வாக்கியம். “நான் அப்பவே மாத்தினேன் சார். இருவத்திரெண்டு பக்கத்தையும் தொறந்து பாக்கல, அது என் தப்பு.”

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த சிறிய அறை அது. “மனிதர் மறப்பார், கோப்பு மறக்காது” என்று தொடங்கினேன். கோப்பின் நேரத்தைத் திரையில் காட்டினேன். அக்கா முன்பே மாற்றியிருந்தால் பக்கங்கள் முன்பே மாறியிருக்கும். புதிதாக ஆக்கியவுடன் சரியாக வந்ததே, ஏன்? அப்போதுதான் கோப்பு மாறியது. இதோ சாட்சி, இதோ சாட்சி என்று மூன்று முறை சொல்லி, மூன்றாவது முறை குரலைத் தாழ்த்தினேன். தாழ்த்தும்போதுதான் அறை நம் வசமாகும். ஆயிற்று. சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அப்போது நான் நம்பினேன். அதையும் சாட்சி குறித்துக்கொள்ளட்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, சனிக்கிழமையோடு முடியும் என்று மேலாளர் சொன்னார். அக்கா தன் தண்ணீர்க் குப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வியாழக்கிழமை அவருடைய வேலைகள் என் மேசைக்கு வந்தன. கிடங்கிலிருந்து ஒரு சிறு திருத்தம் கேட்டிருந்தார்கள்: மேற்கு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் அடையாளமாகச் சேர்க்க வேண்டும். அதே கோப்பைத் திறந்தேன், இரண்டு சொல் சேர்த்தேன், சேமித்தேன், கருவியை ஓட்டினேன். மாறிய பக்கம் எதுவும் இல்லை என்றது கருவி. பக்கத்தைத் திறந்தேன். தண்ணீர்த் தொட்டி இல்லை.

மறுபடி ஓட்டினேன். இல்லை.

மணி மூன்று. கீழே தெருவில் ஐஸ் கட்டி ஏற்றிய வண்டி ஒன்று பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது நினைவிருக்கிறது. நான் என் நிரலைத் திறந்தேன். கோப்பைத் திறக்கும் வரி, படிக்கும் வரி, கட்டம் கட்டும் வரி. கருவியிடம் சொல்லும் வரி எங்கே இருந்திருக்க வேண்டுமோ, அங்கே வெற்றிடம். அக்கா அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன செய்தாரோ அதையே நான் இப்போது செய்திருக்கிறேன். அவருக்கு என்ன நேர்ந்ததோ அதுவே எனக்கும் நேர்ந்திருக்கிறது.

விடுபட்ட வரியை எழுதினேன். ஓட்டினேன். இருபத்திரண்டு பக்கங்களும் வரிசையாகத் திரும்ப ஆகின. தண்ணீர்த் தொட்டி வந்தது. இனி இந்தத் தவறு யார் கண்ணுக்கும் படாது. அறைக்கு வெளியே எழுந்து போய், மேலாளர் அறைக் கதவு வரை போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். ‘நான் தவறினேன்’ என்பதற்கு மேடையில் ஒரு குரல் இருக்கிறதா என்று மூன்று ஆண்டுகளில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் தேடவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை புதிய தாள்களோடு கிடங்குக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு வரும்படி அக்காவை அனுப்பினார்கள். கூடவே என்னையும், நான் நன்றாகப் பேசுவேனாம். வேனை ஓட்டியவரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். காசிமேடு தாண்டி, திருவொற்றியூர் தாண்டி, கடற்கரைச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குள் போய் வேன் நின்றது. முன்னால் லாரி, பின்னால் லாரி, இடப்பக்கமும் லாரி. வலப்பக்கம் கருங்கல் கொட்டிய கடல். சூரியன் தலைக்கு நேர் மேலே.

“இன்னிக்கி மொத லாரி மூஞ்சியே தெரில. ஹார்பர் உள்ள சிஸ்டம் படுத்துகினுகீதாம்” என்றார் பாய்.

“அதுவாவது படுத்துச்சே. எங்க ஆபீசு சிஸ்டம் சோக்கா கீது பாய், மனுசங்கதான் சரியில்ல” என்றார் அக்கா. என்னைத் திரும்பிப் பார்த்தார். “இன்னா பேச்சாளரே, வாய்ல கொழுக்கட்டையா? புதன்கெழம மூணு தடவ சாட்சி சாட்சின்னே. நான் எண்ணிகினுதான் இருந்தேன்.”

நான் தாள்களை மடியில் அடுக்கினேன்.

“பேசறவரா தம்பி?” என்றார் பாய். “அப்ப எங்க வூட்டுக்கு வா. எங்கூட்டம்மா எதிர்ல அஞ்சு நிமிசம் நின்னு பேசிடு. நானே மால வாங்கியாந்து போட்றேன்.”

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கான கோபம் கொஞ்சமும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இறங்கிவிடலாம் என்று கதவைத் தள்ளினேன். ஒரு சாண் திறந்து லாரியின் சக்கரத்தில் இடித்து நின்றது.

“எங்க போற? உள்ள குந்து” என்றார் அக்கா. பிறகு கடலைப் பார்த்தபடியே பேசினார். “திங்கக்கெழம பழைய கடைக்கே போறேன். புடவ செக்‌ஷன்ல எடம் கீதாம். நிக்கணும், அவ்ளோதான். ரெண்டு வருசம் ஒக்காந்ததுல காலு மறந்துருக்கும். பழகிக்கும்.”

பாய் எஞ்சினை அணைத்தார்.

“வேல போனா போவுது தம்பி. இன்னொண்ணுதான் பேஜாரா கீது. நான் மாத்தினேன். டீக்கு முன்னாடி மாத்தினேன், அப்பால டீ குடிச்சேன், அது வரைக்கும் ஞாபகம் கீது. ஆனா நீ பேசினப்புறம் எனுக்கே டவுட்டு. மாத்தலியோ? மாத்தினதா நெனச்சிகினேனோ? ரெண்டு நாளா கேஸ் மூடினேனா, கதவு பூட்டினேனான்னு திரும்பித் திரும்பி வூட்டாண்ட போய்ப் பாத்துகினுகீறேன்.”

இங்கே பேசியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். ‘நியாயம் எதுவென்றால்’ என்று ஒரு தொடக்கம் வந்தது. ‘ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை’ என்று இன்னொன்று வந்தது. இரண்டுமே கைதட்டலுக்காக நின்று காத்திருந்தன. மூடிக்கொண்டேன். இரண்டு மணி நேரம் அந்த வேனுக்குள் இருந்தேன்.

கிடங்கில் மேஸ்திரி எங்களுக்காகக் காத்திருந்தார். ஷிப்டு மாறும் நேரம். ஆட்கள் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். படிவத்தில் ‘தவறுக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பேனாவை வாங்கி, ‘கோப்பை மாற்ற மற’ என்று எழுதினார்.

“எழுதாதீங்க அக்கா” என்றேன்.

“எழுதுனாதான் உடுவாங்க. மறந்துதான் இருப்பேன்.”

“மறக்கல. நீங்க மாத்துனீங்க. அன்னைக்கே மாத்துனீங்க. நான் எழுதின கட்டளை அதைக் கருவிகிட்ட சொல்லல. அதனால பக்கம் மாறல. நானும் மாத்திப் பாத்தேன், எனக்கும் மாறல.”

இவ்வளவுதான் பேசினேன். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப அன்னிக்கி தகரத்துல மூஞ்சிய ஒட்டிகினு நின்னியே, அது நீயே கட்டிகினதா?” பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. “எப்ப தெரியும்?”

“நேத்து.”

“நேத்து எப்ப?”

“மூணு மணிக்கு.”

“மூணு மணிக்கே தெரிஞ்சிகினு, இன்னிக்கி எம் பக்கத்துலயே குந்திகினு வந்த.” கேள்வியாக அவர் அதைச் சொல்லவில்லை.

அங்கிருந்தே மேலாளருக்குப் போன் செய்து, எல்லார் காதிலும் விழும்படி ஒலிபெருக்கியில் வைத்தேன். அதே ஆறு வாக்கியங்களைச் சொன்னேன். “புதன்கிழமையும் இவ்வளவு சுருக்கமா பேசியிருக்கலாமே” என்றார் மேலாளர். பிறகு, “அம்மா, அங்க இருக்கீங்களா? உங்களை நிறுத்துற கடிதத்துல நான் இன்னும் கையெழுத்துப் போடல. போடவும் மாட்டேன். திங்கட்கிழமை வந்துடுங்க” என்றார்.

“வரேன் சார்” என்றார் அக்கா. “என் சேரை மட்டும் இவரு பக்கத்துலேர்ந்து தள்ளிப் போட்ருங்க.”

பேனாவை என்னிடம் நீட்டினார். தான் எழுதியதை அடித்துவிட்டிருந்தார். அதன் கீழே நான் என் பெயரையும் காரணத்தையும் எழுதினேன். கட்டம் சிறியது, இரண்டு வரிதான் பிடித்தது.

மேஸ்திரி படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். போகவில்லை. “அதெல்லாம் செரி. நாளைக்கி நெசமாவே சங்கு ஊதினா, நாங்க எத்த நம்பி ஓட்றது?”

சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார். ஆயத்தம் செய்ய நேரமில்லை, எங்கே குரலை நிறுத்துவது என்று பார்க்க இடமில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

“இனிமே ஒரு சொல் மாறினாலும் எல்லாப் பக்கத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆக்குவேன். அச்செடுத்த தாளைக் கையில எடுத்துக்கிட்டு இங்க வருவேன். அது சொல்ற வாசல் வரைக்கும் நடந்து போய், கதவைத் தள்ளி, அது திறக்குதான்னு பாத்துட்டுத்தான் சுவத்துல ஒட்டுவேன். அக்கா என்ன கேள்வி கேட்டாலும், செஞ்சு பாத்துட்டுத்தான் பதில் சொல்லுவேன்.”